நாய்க்காட்டுத் தடம்

வாங்க சார், வாங்க. வண்டிய அந்த வேலாமரத்துக்கு அடியில ஓரங்கட்டுங்க. குட்டிய இப்பவே எறக்க வேண்டாம், சித்த நேரம் உள்ளயே இருக்கட்டும். காடு உங்களுக்குத்தான், இன்னிக்கு வேற ஆருக்கும் குடுக்கல. நேத்தே உள்ள போயி ஒரு முள்ளு விடாமப் பொறுக்கிட்டேன். மூணு மாசங்கழிச்சு வர்றீங்க, காடு சுத்தமா இருக்கோணுமுல்ல.

குட்டி நல்ல குட்டிங்க. முன்னங்காலப் பாத்தாலே தெரியுது, வளந்தா உங்க மேஜர் மாதிரியே வரும். மேஜர் போனதுல எனக்கும் வருத்தந்தான். கடிக்கற நாயா இருந்தாலும் எங்கிட்ட வாலாட்டும்.

நானாப் போன் பண்ணி உங்களக் கூப்புட்டேன்ல, காடு சும்மா கெடக்குது, புது நாய் வாங்கியிருந்தாக் கூட்டிட்டு வாங்கன்னு? சும்மா கெடக்கறது நெசந்தான். ஆனா கூப்புட்டதுக்கு வேற காரியமும் ஒண்ணு இருக்குதுங்க. இன்னும் கா மணி நேரத்துல எங்கண்ணன் இந்த ரோட்டுல பால் போசியோட வருவாரு. வந்து உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. நீங்க ஆமாங்கன்னு சொன்னாப் போதும். எதுக்குன்னு முழுசாச் சொல்லீர்றேன், கேளுங்க. கேட்டா நீங்களே சொல்லீருவீங்க, படிச்சவரு.

உங்களுக்கு இந்த மேக்கால கதவு மட்டுந்தான் தெரியும். கார நிறுத்துவீங்க, மேஜர அவுத்து உடுவீங்க, ஒரு மணி நேரம் ஓடும், கூட்டிட்டுப் போயிருவீங்க. காட்டுக்குக் கெழக்கால ஒரு கதவு இருக்குது பாருங்க, அக்கட்டாலதான் எங்க சாளை. எனக்கு ஒண்ணு, அண்ணனுக்கு ஒண்ணு, நடுவுல ஒரே செவுரு. அவரு வீட்டுல தாளிச்சா என்ற வீட்டுல தும்மல் வரும். அப்படித்தான் முப்பது வருசம் இருந்தோம்.

எங்கப்பன் காலத்துல இது மேய்ச்சக்காடுங்க. சுத்தியும் கிளுவ வேலி, உள்ள எருதும் எருமையும் மேயும். பாகம் பிரிச்சப்ப காடு என்ற பங்குக்கு வந்துச்சு, கெணத்தடி பூமி அண்ணனுக்குப் போச்சு. காட்டுக்குள்ள போற தடம் ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு அப்ப ஒரு பேச்சு. எழுத்துல கெடையாதுங்க, வாய்ப்பேச்சுதான். ஏன்னா பால் சொசைட்டி இந்த ரோட்டுல, அதா அந்தத் தெருவிளக்கு எரியுதே, அங்க இருக்குது. காட்டுக்குள்ள குறுக்க வந்தா அஞ்சு நிமிசம். சுத்தி வரோணும்னா பைபாஸ் ரோட்டுல ஏறி, லாரி போற பக்கத்துலயே ஒரு மைலு நடந்து, பாலத்துக்கிட்ட எறங்கி வரோணும்.

எங்கண்ணம் பொண்டாட்டி பாவாத்தா, நாங்க நங்கையான்னு கூப்புடுவோம், கண்ணாலமாகி வந்த நாள்ல இருந்து அந்தத் தடத்துலதான் பால் கொண்டு போனாங்க. இருவத்தேழு வருசம். அவங்க கால் பட்டுப் பட்டே அந்த எடத்துல புல்லு மொளைக்காது. இப்பக் கூட உள்ள போனீங்கன்னா வெள்ளையா ஒரு கோடு தெரியும்.

என்ற மாடு கன்னையெல்லாம் வித்ததுக்கப்பறம் காடு சும்மா கெடந்துச்சு. நாய்க்கு ஊசி போடற டாக்டர் ஒருத்தரு வந்து, டவுன்ல அடுக்கு மாடியில பெரிய பெரிய நாயா வெச்சிக்கிட்டு ஓட உட எடமில்லாமத் தவிக்கறாங்க, ஆறடிக்குக் கம்பி வேலி போட்டு மணிக்கணக்குல வாடகைக்கு உடுங்கன்னு சொன்னாரு. ஊரே சிரிச்சுச்சு. மனுசன் நடக்கறதுக்கு எடமில்ல, நாய் ஓடறதுக்குக் காடான்னு கேட்டாங்க. நாய்க்காடுன்னு பேரே வெச்சுட்டாங்க. நான் காதுல போட்டுக்கல. மொத மொத வந்த ஆளு நீங்கதான். வாரத்துல மூணு நாள், வெடியால ஆறேகாலுக்கு.

நீங்கதான சார் சொன்னீங்க, மேஜர் கண்ணுல இன்னொரு ஆள் படக்கூடாது, பட்டாப் பாஞ்சிரும்னு? அதனாலதான் அந்த ஏற்பாடே பண்ணுனேன். உள்ள நாய் இருந்தாக் கெழக்கால கதவுல செவப்புத் துணி தொங்கும். துணி தொங்குனா ஆரும் உள்ள வரக்கூடாது, உள்பக்கந் தாப்பாப் போட்டிருக்கும். துணி இல்லீன்னா நங்கையா கதவத் தொறந்து குறுக்கால போயிக்கலாம். அந்தத் துணி கூட அவங்க பழைய சீலையில கிழிச்சுக் குடுத்ததுதாங்க. நல்லாக் கண்ணுல படற மாதிரி இருக்கட்டும் கொழுந்தனாரேன்னு அவங்களே கட்டியும் உட்டாங்க. நீங்க வர்ற மூணு நாளு பைபாஸ்ல சுத்திப் போவாங்க, மத்த நாளு உள்ளாற போவாங்க. ஒரு நாள் மொகஞ் சுளிச்சதில்ல.

இதுல என்ன தப்புங்க? ஒண்ணும் தப்பில்ல. சொல்லப்போனா ஒரு வருசம் நல்லாத்தான் ஓடுச்சு.

அப்பறம் ஐப்பசியில வீட்டு சைட்டு போடறவங்க ரெண்டு பேரு வந்து காட்டப் பாத்தாங்க. விக்கறதுக்கில்லீங்கன்னு சொன்னேன், சும்மா பாத்துட்டுப் போறோம்னாங்க, பாக்கட்டுமேன்னு உட்டேன். பாத்தவன் கண்ணு நேரா அந்த வெள்ளக் கோட்டு மேல போச்சு. இது என்னங்க தடமா, ஆரு நடக்கறாங்கன்னு கேட்டான். அண்ணம் பொண்டாட்டின்னு சொன்னேன். மொகத்த ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு, தடம் இருக்கற பூமி எங்களுக்கு ஆகாதுங்கன்னு சொல்லீட்டுப் போயிட்டான்.

எனக்கு அன்னிக்குத் தூக்கமில்ல. தெரிஞ்ச வக்கீல் ஒருத்தரப் போயிப் பாத்தேன். அவரு சொன்னாரு, இத்தன வருசம் நடந்திருக்கறாங்க, நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனாத் தடம் அவங்களுக்குப் பாத்தியமாயிரும், நீ முந்திக்கோ, சண்ட கிண்ட போடாத, மொல்ல நடக்கறத நிறுத்து, அவங்களே பழகிக்கிட்டு ரோட்டுல போகட்டும்னு. எங்கண்ணன் கோர்ட்டுக்குப் போற ஆளில்லீங்க. அவருக்குப் புள்ள குட்டியுங் கெடையாது, அவரு பூமியே நாளைக்கு என்ற பொண்ணுக்குத்தான். ஆனாலும் வக்கீல் சொன்னது மனசுல ஒக்காந்துக்குச்சு. பூமின்னு வந்துட்டா அப்படித்தாங்க. உங்களுக்குப் பூமி இருந்தா உங்களுக்கும் தெரியும்.

அந்த நேரம் பாத்துத்தான் நீங்க போன் பண்ணுனீங்க. மார்கழி பொறந்த அன்னிக்கு. மேஜர் ராத்திரி போயிருச்சு, இனி காடு வேண்டாங்கன்னு சொன்னீங்க. உங்க கொரலே சரியில்ல. நானும் ஆறுதலா நாலு வார்த்தை சொல்லீட்டுத்தான் போன வெச்சேன்.

அடுத்த நாள் வெடியால எந்திரிச்சேன். கை தன்னால போயித் துணிய எடுத்துத் தொங்க உட்டுருச்சுங்க. நெனச்சுப் பண்ணுனேன்னு சொல்ல மாட்டேன். பழக்கம். நங்கையா போசியோட வந்தாங்க, துணியப் பாத்தாங்க. நான் கதவோரத்து மோட்டார் ரூம்புல டீ குடிச்சிட்டு இருந்தேன். உள்ள நாய் இருக்குதுங்களா கொழுந்தனாரேன்னு கேட்டாங்க. இருக்குதுங்க நங்கையான்னு சொன்னேன். இன்னிக்கு அவரு வர்ற நாள் இல்லீங்களேன்னாங்க. சார் இனித் தெனமும் வர்றாருன்னு சொன்னேன். சரின்னு திரும்பிப் போயிட்டாங்க. அவ்வளவுதான். எத்தன சுளுவாப் போச்சுன்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு.

ஒம்போது நாள் அப்படியே. ஒம்போது நாளும் வந்து நிப்பாங்க, கேப்பாங்க, நான் இருக்குதும்பேன், போயிருவாங்க. துணியத்தான் கண்ணால பாக்கறாங்களே, அப்பறம் எதுக்கு வாயத் தொறந்து வேற கேக்கறாங்கன்னு எனக்குக் கோவங்கூட வரும். தை பொறந்தாத் துணி வேண்டாம்னு உட்டர்லாம், அதுக்குள்ள புல்லு மொளச்சிரும்னு நெனச்சிட்டு இருந்தேன்.

பத்தாவது நாள் பனின்னாப் பனி, கையி நீட்டுனாக் கையி தெரியல. நங்கையா வந்தாங்க. கொரலு கம்மியிருந்துச்சு, சளின்னு நெனச்சேன். முக்காட்ட இழுத்து ஒரு பக்கத்துக் கன்னம் மூடுற மாதிரிப் போத்தியிருந்தாங்க.

"ஏனுங் கொழுந்தனாரே, நாய் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்க நங்கையா."

"நெசமாலுமேவா?"

"நான் என்ன உங்ககிட்டப் பொய்யா சொல்லப் போறேன்?"

கொஞ்ச நேரம் கம்பியப் புடிச்சிட்டு நின்னாங்க. உள்ள பாத்தாங்க, பனியில என்ன தெரியும். அப்பறம் போசியக் கை மாத்தி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இருவது நிமிசங் கூட ஆகல, பைபாஸ்ல சத்தங் கேட்டுச்சு. லாரிக்காரனுக்கு ஆள் நடக்கறதே தெரியலியாம். நான் ஓடிப் போறப்ப ரோடெல்லாம் பாலுங்க. அதுக்கு மேல எங்கிட்டக் கேக்காதீங்க.

நான் என்ன கொலையா பண்ணுனேன்? ஓட்டுனவன் ஓட்டுனான், பனி பெஞ்சுச்சு, அவங்க விதி முடிஞ்சுச்சு. பொணத்தத் தூக்குனது நானு. காரியம் முடியற வரைக்கும் எல்லாச் செலவையும் எடுத்துப் பண்ணுனது நானு. துணியக் கழட்டி அடுப்புல போட்டுட்டேன். அண்ணா, இனிமே நீங்க இந்தத் தடத்துலயே போங்க, கதவே வேண்டாம், எடுத்தர்றேன்னு அழுதேன். அவரு என்னப் பாத்த பார்வை இருக்குதே. பதினாறாம் நாள் முடிஞ்சதுல இருந்து அவரே மாட்டுல பால் பீச்சி, அவரே போசியத் தூக்கிக்கிட்டு, அதே பைபாஸ்ல நடந்து வர்றாரு. அறுவத்திமூணு வயசுங்க, ஒரு கண்ணுல புரை. லாரிச் சத்தங் கேக்கறப்பெல்லாம் நான் எந்திரிச்சு வந்து ரோட்டப் பாக்கறேன். என்ற வீட்டுச் சோத்தத் தொடறதில்ல. ஈஸ்வரி, என்ற சம்சாரம், கொழம்பு கொண்டு போயி வெச்சா அப்படியே செவுத்து மேல திருப்பி வெச்சர்றாரு.

வைகாசியில பொண்ணுக்குக் கண்ணாலம். அது தவந்ததே நங்கையா மடியிலதான். பெரியப்பா வந்து முன்னால நிக்காம மணவறையில ஒக்கார மாட்டேன்னு ஒரே புடியா நிக்குது. நான் போயி அண்ணங் கால்ல விழுந்தேன். அப்பத்தான் மூணு மாசத்துல மொத மொத வாயத் தொறந்தாரு. "அன்னிக்கு உள்ள நாய் இருந்துச்சா அப்புக்குட்டி?" இருந்துச்சுங்கண்ணான்னேன். "அந்த நாய்க்காரரு வாயால நான் கேக்கோணும். அவரு வந்தேன்னு சொன்னா நான் பொண்ணுக்குப் பெரியப்பன். இல்லீன்னா இந்தச் செவுத்துக்கு அக்கட்டால ஆரும் இல்லீன்னு நெனச்சுக்கோ." அவ்வளவுதான் சொன்னாரு.

இப்பப் புரியுதுங்களா? மார்கழி பதினொண்ணாந் தேதி வெடியால நாயக் கூட்டிக்கிட்டு வந்தீங்களான்னு கேப்பாரு. ஆமாங்க, வந்தேன். அவ்வளவுதான். மேஜர் எப்பச் செத்துச்சுன்னு கேட்டாத் தையிலன்னு சொல்லுங்க. உங்க நாய் கூட ஒரு மாசம் உசுரோட இருந்துச்சுன்னு சொன்னா அதுக்கென்னங்க கொறஞ்சிரப் போகுது? செத்தது செத்ததுதான், ரெண்டு பேருந்தான். நான் என் பொண்ணுக்காகக் கேக்கறேன். அந்த மனுசனுக்காகவுந்தான் கேக்கறேன், சந்தேகத்தோட எத்தன நாள் கெடப்பாரு?

என்ன சார்? என்னையப் பாருங்க. குட்டிய அப்பறம் தடவிக் குடுக்கலாம்.

பாலத்துக்கிட்டப் பாருங்க. எறங்கி வர்றாரு.

*

போயிட்டாரு. உக்காருங்க சார். தண்ணி குடிங்க. நீங்க வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல, தலையத்தான் ஆட்டுனீங்க, எனக்குத் தெரியும். பரவால்லீங்க, அது போதும். அவருக்கு அதுவே போதுமாயிருச்சு. போசியக் கீழ வெச்சுட்டு உங்களக் கும்பிட்டாரு பாத்தீங்கல்ல? எங்கண்ணன் கோயிலத் தவிர ஒரு எடத்துலயுங் கையெடுக்காத ஆளு.

எங்கையப் புடிச்சு அக்கட்டால கூட்டிட்டுப் போயி என்னவோ சொன்னாரே, என்னன்னு கேக்கறீங்களா? சொல்லீர்றேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்கதான் காப்பாத்துனீங்க.

"அவ தெனமுஞ் சொன்னா அப்புக்குட்டி. சொசைட்டிக்குப் போறப்ப மேக்கால கதவத் தாண்டித்தான போறேன், அங்க காரே நிக்கறதில்லீங்க, உங்க தம்பி நம்மளத் தடத்துல உடாம இருக்கறதுக்கு இல்லாத நாய இருக்குதுங்கறாருன்னு. ஒம்போது நாளுஞ் சொன்னா. அன்னிக்கு வெடியால திரும்பச் சொன்னா. என் தம்பியவா சொல்றேன்னு ஓங்கிக் கன்னத்துல ஒண்ணு உட்டேன். அழுதுக்கிட்டே போசியத் தூக்கிட்டுப் போனா. அதுதான் கடைசி. அவ சொன்னது நெசமா இருந்து நான் அடிச்சுத் தொரத்திட்டனோன்னு மூணு மாசமா வெந்துட்டுக் கெடந்தேன். இன்னிக்குத்தான் நெஞ்சு ஆறுச்சு. அவதான் பொய் சொல்லியிருக்கறா."

அப்படிச் சொல்லீட்டு எந்தோள்ல சாஞ்சு அழுதாருங்க. செத்தவ பேச்ச நம்பிக் கூடப்பொறந்தவனச் சந்தேகப்பட்டுட்டேன், பொறுத்துக்கடான்னாரு. நாஞ் சரிங்கண்ணா, சரிங்கண்ணான்னேன். வேற என்ன சொல்றது? மத்தியானம் சாப்பிட வர்றேன்னு சொல்லியிருக்கறாரு. ஈஸ்வரிகிட்டச் சொல்லிக் கோழி அடிக்கச் சொல்லோணும். பொண்ணுக்குப் போன் பண்ணோணும். நல்லபடியாத்தான் முடிஞ்சுது, இல்லீங்களா?

எந்தோள் ஈரங் கூட இன்னும் காயல.

கார் நிக்குதான்னு பாப்பாங்கன்னு எனக்குத் தோணவே இல்லீங்க. மொத நாளே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது பாருங்க. உள்ள நாயும் இல்ல, ஒண்ணும் இல்லீன்னு தெரிஞ்சிருக்குது. அன்னிக்கு அடியும் வாங்கிக்கிட்டு அந்தக் கன்னத்த மூடிக்கிட்டுத்தான் வந்து நின்னிருக்கறாங்க. ஒரு வார்த்தை என்னைய வையல. கதவ ஒடைக்கல. நாய் இருக்குதுங்களா, நாய் இருக்குதுங்களான்னு அதையே கேட்டாங்க.

நீங்க சொல்லுங்க சார். இல்லீன்னு தெரிஞ்சவங்க, தெனமும் எதுக்குங்க வந்து எங்கிட்டக் கேக்கோணும்? நேரா ரோட்டுக்கே போயிருக்கலாமுல்ல?